ஊக்கமருந்து சிக்கவே இல்லை; ஆனாலும் 2 ஆண்டு தடை! ரத்த எண்களை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்லலாமா?

ஒரு வீராங்கனையின் சிறுநீரிலும் ரத்தத்திலும் ஊக்கமருந்து எதுவும் சிக்கவில்லை. ஆனாலும் அவருக்கு 2 ஆண்டு தடை. ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஓர் எண் அதிகமாக இருந்ததுதான் காரணம். 'அதெப்படி?' என்று கேட்கத் தோன்றுகிறதா? ஜெர்மனியின் கிளாவுடியா பெக்ஸ்டைன் 16 ஆண்டுகள் நீதிமன்றப் படியேறிக் கேட்டதும் இதே கேள்வியைத்தான்.

என்ன நடந்தது?

பெக்ஸ்டைன் பனிச்சறுக்கு வேகப் போட்டியில் 5 ஒலிம்பிக் தங்கம் வென்றவர். 2009 பிப்ரவரியில் நார்வேயின் ஹாமர் நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் அவரது ரத்தம் எடுக்கப்பட்டது. ரத்தத்தில் புதிதாக உருவாகும் இளம் சிவப்பணுக்களுக்கு ரெட்டிகுலோசைட் என்று பெயர். சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் வைத்திருந்த உச்ச வரம்பு 2.4 சதவீதம். பெக்ஸ்டைனுக்கு இருந்ததோ சுமார் 3.5. சில நாள் கழித்து எடுத்த ரத்தத்தில் அது 1.37 ஆக இறங்கியிருந்தது.

'இவ்வளவு ஏற்ற இறக்கம் இயல்பாக வராது' என்றது சங்கம். தடை விதித்தது. 2009 நவம்பரில் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றமும் அதை உறுதி செய்தது. 2010 வான்கூவர் ஒலிம்பிக் அவர் கையைவிட்டுப் போனது.

மறைமுக ஆதாரம் எதற்கு?

இந்த முறையே தப்பு என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. சிவப்பணுக்களைப் பெருக்கும் ஈபிஓ மருந்து சில நாட்களிலேயே உடலைவிட்டுப் போய்விடும். சொந்த ரத்தத்தையே எடுத்துச் சேமித்து, போட்டிக்கு முன் திரும்ப ஏற்றிக்கொண்டால் கண்டுபிடிப்பது அதைவிடக் கஷ்டம். மருந்து சிக்கினால்தான் குற்றம் என்றால், நேரம் பார்த்து ஊசி போடத் தெரிந்தவர்கள் எல்லாரும் தப்பிவிடுவார்கள்.

அதனால் வந்ததுதான் 'உயிரியல் பாஸ்போர்ட்'. சைக்கிள் பந்தய உலகில் 2008-ல் தொடங்கியது. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை 2009 டிசம்பரில் எல்லா விளையாட்டுக்கும் பொதுவான வழிகாட்டுதலை வெளியிட்டது. இதில் ஊருக்கெல்லாம் ஒரே வரம்பு கிடையாது. ஒவ்வொருவரின் பழைய அளவுகளையும் வைத்து, அவருக்கு எது இயல்பு என்று மென்பொருள் கணிக்கும். அதைத் தாண்டினால், பெயர் தெரியாமலேயே 3 நிபுணர்கள் ஆராய்வார்கள். மூவரும் ஒருமனதாகச் சொன்னால்தான் வழக்கு.

பெக்ஸ்டைன் வழக்கு இந்த வழிகாட்டுதலுக்கு முந்தையது. இன்றைய முறை அப்போது இருந்ததைவிட எவ்வளவோ மேல் என்பதில் சந்தேகமில்லை.

அப்போ சிக்கல் எங்கே?

'வேறு காரணம் எங்களுக்குத் தெரியவில்லை' என்பதும் 'வேறு காரணமே இல்லை' என்பதும் ஒன்றல்ல. மறைமுக ஆதார வழக்குகளில் முதல் வாக்கியம் சத்தமில்லாமல் இரண்டாவதாக மாறிவிடுகிறது. நோய் இல்லை, எனவே ஊக்கமருந்து என்பதுதான் 2009 தீர்ப்பின் சாரம். ஆனால் 2010-ல் ஜெர்மன் ரத்தவியல் நிபுணர்கள், பெக்ஸ்டைனுக்குப் பிறவியிலேயே வந்த சிவப்பணுக் கோளாறு இருப்பதாகச் சொன்னார்கள். அவருடைய அப்பாவுக்கும் அதே கோளாறு. 2015-ல் ஜெர்மன் ஒலிம்பிக் கூட்டமைப்பு அமைத்த நிபுணர் குழுவும், அந்த ரத்த அளவுகளை வைத்து விதிமீறலை நிரூபிக்க முடியாது என்றது. ஆனால் அதற்குள் தடைக்காலமே முடிந்துபோயிருந்தது.

நிரூபண அளவுகோலும் வேறு. கிரிமினல் வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நடுவர்களுக்குப் போதிய திருப்தி ஏற்பட்டால் போதும். மருந்து நேரடியாகச் சிக்கிய வழக்கில் இது பெரிய பிரச்சினை இல்லை. நிபுணர் கருத்து மட்டுமே ஆதாரமாக இருக்கும்போது, இந்த இடைவெளி ஒருவரின் வாழ்க்கையையே தீர்மானித்துவிடும்.

நிபுணர்கள் சொன்னதை எல்லாரும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதும் இல்லை. இத்தாலிய சைக்கிள் வீரர் பெலிசொட்டியை உள்நாட்டுத் தீர்ப்பாயம் விடுவித்தது. 2011-ல் லோசான் மன்றம் அதை ரத்து செய்து 2 ஆண்டு தடை போட்டது. செக் வீரர் கிரூசிகரையும் 2014-ல் உள்நாட்டுத் தீர்ப்பாயம் விடுவித்தது. மேல்முறையீடு செய்த அமைப்புகளே 2015-ல் வழக்கை வாபஸ் வாங்கின.

நீதிமன்றங்கள் என்ன சொன்னன?

இங்குதான் பலரும் குழம்புகிறார்கள். 2009-க்குப் பிறகு எந்த நீதிமன்றமும் 'அவர் மருந்து எடுத்தாரா' என்ற கேள்வியைப் புதிதாக விசாரித்துத் தீர்ப்பு சொல்லவில்லை. 'விசாரணை நியாயமாக நடந்ததா' என்பதில்தான் சட்டப் போராட்டம் சுற்றிச் சுற்றி வந்தது. 2016-ல் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2018-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், லோசான் மன்றம் சுதந்திரமானதுதான் என்றது. ஆனால் பெக்ஸ்டைன் கேட்டும் வெளிப்படையான விசாரணையை மறுத்தது உரிமை மீறல் என்று சொல்லி 8,000 யூரோ வழங்கியது. 2022-ல் ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம் 2016 தீர்ப்பை ரத்து செய்து, இழப்பீட்டு வழக்குக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. கடைசியில் 2025 மார்ச்சில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

என்ன மாற வேண்டும்?

பாஸ்போர்ட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எறிந்தால் நேர்மையாக ஓடுபவர்தான் முதலில் தோற்பார். ஆனால் ரத்த எண்களை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டும்போது மூன்று விஷயங்கள் கட்டாயமாக வேண்டும். தடைக்கு முன்பே, பரம்பரை ரத்தக் கோளாறு இருக்கிறதா என்ற முழுப் பரிசோதனை. அதன் செலவு குற்றம் சாட்டும் அமைப்பின் தலையில். வீரர் கேட்டால் கதவைத் திறந்து வைத்து விசாரணை. புதிய மருத்துவ ஆதாரம் வந்தால் வழக்கைத் திரும்பத் திறக்க எளிதான வழி.

இவை சலுகை அல்ல. நடுவர் மன்றத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடாவிட்டால் போட்டியிலேயே இறங்க முடியாது என்பதுதான் வீரர்களின் நிலைமை. வேறு நீதிமன்றத்துக்குப் போக வழி விடாதவர்கள், தங்கள் நீதிமன்றத்தையாவது சரியாக நடத்த வேண்டும்.

பெக்ஸ்டைன் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஜெர்மனியின் கொடியை ஏந்தி நடந்தார். 50 வயதை எட்டிக்கொண்டிருந்தார். அது அவருடைய 8-வது ஒலிம்பிக். அந்தக் கொடி மரியாதை கொடுக்கலாம். 2010-ஐத் திருப்பிக் கொடுக்காது.