பாலைவனத்தில் பறவை பார்க்கலாம்... குட்டீஸையும் கூட்டிட்டுப் போங்க!

பாலைவனம் என்றதும் மணல்மேடு, ஒட்டகம், ஜீப் சவாரிதான் நினைவுக்கு வரும். இவை எதுவும் இல்லாத ஒரு பாலைவனம் ராஜஸ்தானின் ஜோத்பூரில், மெஹ்ரான்கர் கோட்டையின் காலடியிலேயே இருக்கிறது. பெயர், ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா. பரப்பு சுமார் 70 ஹெக்டேர். கோட்டையைப் பார்த்து, செல்ஃபி எடுத்துவிட்டு அப்படியே கிளம்புகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

பழைய நகர வாயில் ஒன்றுதான் நுழைவிடம். மழைநீரைக் கொண்டுசெல்ல அந்தக் காலத்தில் பாறையைக் குடைந்து வெட்டிய கால்வாய்க்குள் பாதை இறங்குகிறது. வழிகாட்ட வண்ணக் குறிகள் உண்டு. மலையேற்றமெல்லாம் இல்லை. தாத்தா பாட்டியும் நிதானமாக நடந்துவிடலாம். காலடியில் இருப்பவை 70 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான எரிமலைப் பாறைகள்!

தலைக்கு மேலே பருந்துகள் வட்டமிடும். புதரில் கத்தும் வெண்காதுக் கொண்டைக்குருவி, நம்மூர் சின்னானின் உறவு; கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம், வாலடியில் மஞ்சள். குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு வைக்கலாம். நம்மூர் ஆண் கருஞ்சிட்டுக்கு முதுகு கறுப்பு. வட இந்தியாவில் அதே பறவைக்கு முதுகு பழுப்பு. முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஐஸ்க்ரீம்! தேன்சிட்டு, பஞ்சுருட்டான், தவிட்டுப்புறா ஆகியவற்றைத் தேடவும் பைனாகுலர் அவசியமில்லை. பக்கத்திலுள்ள தேவ்குண்ட் ஏரியில் நீர்ப்பறவைகளுக்காகக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

ஆனால், 2006-க்கு முன் இந்த இடம் இப்படி இல்லை. நமக்கும் நன்றாகத் தெரிந்த ஒரு வில்லன் இங்கே குடியிருந்தது: சீமைக்கருவேலம். 1930-களில் ஜோத்பூர் மகாராஜா விமானத்திலிருந்து அதன் விதைகளைத் தூவச் செய்தாராம். வறண்ட ஊர் பசுமையாகட்டும் என்ற நல்லெண்ணம்தான். பச்சை வந்தது, மண்ணின் செடிகள் ஒதுங்கின.

வெட்ட வெட்டத் துளிர்க்கும் மரம் அது. பாறை இடுக்கில் இறங்கிய வேரை எப்படி எடுப்பது? இயற்கை ஆர்வலர் பிரதீப் கிருஷன் தலைமையிலான குழுவுக்குக் கைகொடுத்தவர்கள், தலைமுறைகளாகக் கல் உடைக்கும் கண்ட்வாலியாக்கள். பாறையைத் தட்டி, அந்தச் சத்தத்தை வைத்தே எங்கே உளி வைத்தால் உடையும் என்று சொல்லிவிடுவார்களாம். வேரைத் தோண்டியெடுத்த குழிகளிலேயே தார் பாலைவனத்தின் கள்ளியையும் மற்றச் செடிகளையும் நட்டார்கள். 2011-ல் பூங்கா மக்களுக்குத் திறக்கப்பட்டது. பறவைகளுக்கு இன்று இங்கே பூவும் பழமும் பூச்சியும் கிடைப்பது அந்த உளிகளின் புண்ணியம்.

கருவேலத்தோடு மல்லுக்கட்டும் ராமநாதபுரம், சிவகங்கைக்காரர்கள் இங்கே கூடுதலாக அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல பருவம். கோடையில் குழந்தைகளோடு போவது வம்பு. காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பறவைகள் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். முள் அதிகம் என்பதால் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். செடிகளின் கதையையும் கேட்க விரும்பினால், பூங்காவின் வழிகாட்டி ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். கோட்டைக்குத் தனி டிக்கெட். அதை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.