டிசி கொடுக்காத பள்ளி



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் முழுசாகப் படியுங்கள். தொழில் செய்பவர்கள் பொறுமை இல்லாவிட்டாலும் படியுங்கள்.

மாசத்துக்கு இரண்டு பேராவது போன் செய்து, "சார், கம்பெனிக்கு எந்த சாஃப்ட்வேர் போடலாம்?" என்று கேட்கிறீர்கள். பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் நடத்திய உரிமையில் நானும் முன்பெல்லாம் உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடுவேன். இப்போது சொல்வதில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் என் மாணவன் ஒருவன், பெயர் வேண்டாம், அவனே இதைப் படிப்பான். முப்பது தையல் மெஷின். நான் சொன்ன சாஃப்ட்வேரைத்தான் வாங்கினான். அதை விற்ற இடத்தில் வேலை பார்த்த பையனும் என் மாணவன். இரண்டு பேரையும் சேர்த்து வைத்ததில் எனக்குப் பெருமை வேறு.

மூன்றாம் வருடம் அந்தப் பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான். வருடக் கட்டணம் இரண்டு மடங்கானது. "சரி, வேறு பார்க்கலாம்" என்று இவன் கிளம்பினால், மூன்று வருடக் கணக்கை வெளியே எடுக்க வழியில்லை. ஒவ்வொரு பில்லாக பிடிஎஃப் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். எக்செல்லில் மொத்தமாக வராதாம். வாங்கும்போது இதை அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கச் சொல்லவில்லை.

ஜிஎஸ்டி சட்டப்படி, அந்தந்த வருடத்தின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குப் புத்தகங்களை வைத்திருக்க வேண்டும். அதாவது ஆறு வருடம். அந்த ஆறு வருடமும் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும். சாஃப்ட்வேர் விற்றவன் கடையை மூடினாலும் அதிகாரி உங்களைத்தான் கேட்பார்.

அவனைக் காப்பாற்றியது ஸ்டோர் பார்க்கும் அக்காவின் நோட்டுப் புத்தகம். நாற்பது பக்க நோட்டு, ரப்பர் பேண்ட் போட்டு ஏழெட்டு. சாஃப்ட்வேர் வந்த பிறகும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. அதைப் புரட்டிப் பார்த்தபோதுதான் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. ஷேடு சரியில்லை என்று மறுபடி சாயத்துக்கு அனுப்பிய ஒரு லாட் துணி, எட்டு மாதமாகச் சாயப்பட்டறையிலேயே கிடந்தது. கம்ப்யூட்டரில் அந்த லாட் 'வந்து சேர்ந்தது' என்று இருந்தது. ஒரே லாட்டை இரண்டாம் முறை அனுப்ப அந்தத் திரையில் இடமே இல்லை. "நோட்டுல எழுதிட்டேன் சார், கம்ப்யூட்டர்ல அப்புறம் போட்டுக்கலாம்னு விட்டுட்டேன்" என்றார் அந்த அக்கா. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும் என்பது விதி. இன்னும் நாலு மாதம் போயிருந்தால் வரிச் சிக்கலும் சேர்ந்திருக்கும்.

வகுப்பில் சொன்னது நினைவிருக்கிறதா? இருப்பாய்வு சமன்பட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஒரு நடவடிக்கையை எழுதாமலே விட்டால் இரண்டு பக்கமும் குறையும், இருப்பாய்வு சமமாகவே நிற்கும். விடு பிழை. அதை எந்த சாஃப்ட்வேரும் கண்டுபிடிக்காது. அது நடப்பது முதலாளியின் ஏசி அறையில் இல்லை, சரக்கு இறங்கும் வாசலில்.

அதனால் என் கருத்து இது. சாஃப்ட்வேரை முதலாளி மட்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது. தினமும் அதில் எழுதப்போகிறவர் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விற்க வருபவர் காட்டும் மாதிரிக் கணக்கில் எல்லாமே அழகாக இருக்கும். நூல் வாங்கினோம், துணி விற்றோம், லாபம். நம் தொழில் அப்படியா? நூல் கிலோவில் வருகிறது. நிட்டிங் போய், சாயம் போய் எடை குறைந்து திரும்புகிறது. கட்டிங் மேசையில் கிலோ பீஸாக மாறுகிறது. இடையில் பிரிண்டிங், எம்பிராய்டரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு டிசி. ஆகவே போன வருடத்தில் உங்களை அதிகம் படுத்திய ஒரு ஆர்டரை எடுத்துக் கொடுங்கள். ஷேடு மாறியது, பாதி திரும்பி வந்தது, பார்ட்டி பணத்தைப் பிடித்தது, எல்லாம் சேர்த்து. உங்கள் ஸ்டோர்காரரையும் கணக்கு எழுதுபவரையும் உட்காரவைத்து, அவர்கள் கையாலேயே போடச் சொல்லுங்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

"பெரிய கம்பெனி போட்டிருப்பதையே போட்டுவிடலாமே சார்" என்பீர்கள். அவர்களிடம் அதற்கென்றே தனி ஆட்கள் இருக்கிறார்கள், உங்களிடம் ஒரே அக்காதான். "இஆர்பிநெக்ஸ்ட் மாதிரி திறந்த மூல சாஃப்ட்வேர் இலவசமாச்சே" என்பீர்கள். நல்லதுதான், ஆனால் அமைத்துக் கொடுக்கவும் பழுது பார்க்கவும் ஆள் வேண்டும், அந்தச் செலவையும் எழுதிப் பாருங்கள். டேலி பிறந்த கதை தெரியுமா? மில்களுக்கு மூலப்பொருளும் உதிரிப்பாகமும் விற்றுக்கொண்டிருந்த ஒருவர், தன் கணக்குக்குப் பொருத்தமான சாஃப்ட்வேர் கிடைக்காமல் மகனை எழுதச் சொன்னார். தேவை முதலில் வந்தது, சாஃப்ட்வேர் பிறகு. நீங்களும் முதலில் உங்கள் தேவையை ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள்.

சட்டத் தேவையை ஆடிட்டரிடம் கேளுங்கள். விற்பனை 5 கோடியைத் தாண்டினால் இ-இன்வாய்ஸ் வேண்டும். பிரைவேட் லிமிடெட் என்றால், திருத்தியதன் தடம் அழியாத சாஃப்ட்வேர் 2023 ஏப்ரல் முதல் கட்டாயம்.

கடைசியாக ஒன்று. திருப்பூரில் டிசி என்றால் டெலிவரி செலான். எனக்கு டிசி என்றால் மாற்றுச் சான்றிதழ். எவ்வளவு நல்ல பள்ளியானாலும், கேட்கும்போது டிசி கொடுக்காது என்றால் அங்கே பிள்ளையைச் சேர்ப்பீர்களா? பணம் கட்டும் முன்பே, "நாளைக்கு நான் விலகினால் என் கணக்கு முழுவதும் எக்செல்லில் கிடைக்குமா? இப்போதே எடுத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்டினால் மேலே பேசுங்கள். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அந்த மாணவன் இப்போது வேறு சாஃப்ட்வேருக்கு மாறிவிட்டான். பழைய கணக்கைத் திரும்ப ஏற்ற இரண்டு மாதம் ஆனது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போய் உட்கார்ந்து, அக்கா வாசிக்க வாசிக்கச் சரிபார்த்தேன். தவறான யோசனை சொன்ன வாத்தியாருக்கு அந்த இம்போசிஷன் தகும். இந்தத் தடவை எதை வாங்குவது என்று அக்காதான் முடிவு செய்தார்.

உங்கள் கம்பெனியில் நடந்ததைக் கீழே எழுதுங்கள். அடுத்தவனுக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் வணிகவியல் வாத்தியார்