ஓய்வுச் சீட்டு மட்டும் போதாது

சேரப்பணஞ்சேரியிலிருந்தும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலிருந்தும் எங்கள் மருத்துவமனைக்கு வருவோருள் பலர், இடுப்பைக் கையால் தாங்கியபடியே உள்ளே நுழைகின்றனர். இரவு ஷிப்ட் முடிந்து, கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கியவுடன் நேரே வருவோரும் உண்டு. அவர்கள் கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள்: "ஸ்கேன் எடுக்க வேண்டுமா?", "எத்தனை நாள் ஓய்வு எழுதித் தருவீர்கள்?" இவ்விரண்டுக்கும் மருத்துவர்கள் நெடுங்காலமாக அளித்துவந்த விடைகள் மாற வேண்டும் என்பதே எங்கள் கருத்து. அப்பழைய விடைகளில் எங்களுக்கும் பங்குண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020-ஆம் ஆண்டில் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியால் துன்புற்றனர். மனிதரை முடக்கும் காரணங்களுள் உலகிலேயே முதலிடம் இதற்குத்தான். ஆயினும், இவ்வலியுடன் வரும் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு, இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று சுட்டிக்காட்டத்தக்க காரணம் எதுவும் இருப்பதில்லை. தசை, தசைநார், சிறு மூட்டுகள் ஆகியவற்றின் அயர்ச்சியே வலியாக வெளிப்படுகிறது. புதிதாகத் தோன்றிய வலி, பெரும்பாலோருக்கு ஆறு வாரங்களுக்குள் நன்கு தணிந்துவிடும்.

அவ்வாறெனில் ஸ்கேன் எதற்கு? பெரும்பாலோருக்குத் தொடக்கத்தில் அது தேவையில்லை. முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து, 2015-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும், 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்மானம் காணப்பட்டதாக அது கூறுகிறது. தலைமுடி நரைப்பதைப் போன்றதுதான் இதுவும். ஆனால், "எல்4–எல்5 ஜவ்வு பிதுக்கம்" என்று அறிக்கையில் படித்த இளைஞர், தம் முதுகு உடைந்துவிட்டதாகவே நம்பத் தொடங்குகிறார்; குனியவும் அஞ்சுகிறார். அந்த அச்சமே வலியை நீட்டிக்கும் காரணங்களுள் ஒன்று.

சில அறிகுறிகள் இதற்கு விலக்கு. சிறுநீர் கழிக்க முடியாமை, மலமோ சிறுநீரோ அறியாமல் வெளியேறுதல், தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போதல், காலில் வலுவின்மை ஆகியவை தோன்றினால், ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். விழுந்து அடிபட்டபின் வரும் கடும் வலிக்கும் உடனடிப் பரிசோதனை தேவை. நீடித்த காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு, இரவிலும் ஓயாத வலி, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு ஆகியவற்றையும் அலட்சியம் செய்யலாகாது. நம் நாட்டில் முதுகெலும்பைத் தாக்கும் காசநோய் அரிதன்று; அது மருந்தால் குணமாகக்கூடியது.

இனி ஓய்வு பற்றி. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களிடையே நடந்த ஆய்வொன்று 1995-இல் வெளியாயிற்று. முதுகுவலி கண்டவர்களில் ஒரு சாரார் இரண்டு நாள் படுக்கையில் இருந்தனர். ஒரு சாரார் முதுகுப் பயிற்சிகள் செய்தனர். எஞ்சியோர் வலி அனுமதித்த அளவில் அன்றாட வேலைகளைத் தொடர்ந்தனர். மூன்றாம் குழுவினரே விரைவில் தேறினர். படுத்தே கிடக்கும் முதுகு வலுவிழக்கிறது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும், நாட்பட்ட வலிக்கு உடற்பயிற்சியையும் நோய் பற்றிய தெளிவையும் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பெல்ட்டும், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனும் வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்றும் அது சொல்கிறது.

"நடமாடுங்கள், வேலையை விடாதீர்கள்" என்று நாங்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் எந்த வேலையை? எட்டு மணி நேரம் அசையாமல் நின்று சிறு பாகங்களைப் பொருத்துவதா? ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி உதிரிப் பாகங்களைத் தூக்கி வைப்பதா? வலியைத் தந்த அதே அசைவுக்கு அதே வேகத்தில் திரும்பிச் செல்லுமாறு கூறுவது மருத்துவம் ஆகாது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே, தீங்கு விளைவிக்கக்கூடிய பாரத்தை எவரும் தூக்கும்படி நேரக்கூடாது என்று 34-ஆம் பிரிவிலும், நின்று வேலை செய்வோர் வாய்ப்புள்ளபோது அமர்ந்து இளைப்பாற இருக்கை வேண்டும் என்று 44-ஆம் பிரிவிலும் விதித்தது. முதுகைக் காப்பது சலுகையன்று என்பதை முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே நம் நாடு ஏற்றுக்கொண்டுவிட்டது.

பயிற்சியாளராகவும் ஒப்பந்தத் தொழிலாளராகவும் இருப்போர் வலியை வெளியே சொல்லவே அஞ்சுகின்றனர். சொன்னால் நாளை வேலை இருக்குமோ என்ற ஐயம். ஆகவே மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு லைனில் நிற்கின்றனர். வெப்பத்தில் வியர்த்து, தண்ணீரும் போதிய அளவு குடிக்காமல் இம்மாத்திரைகளை நாள்தோறும் உட்கொண்டால் வயிறும் சிறுநீரகமும் கெடும். குணமாகியிருக்க வேண்டிய வலி, மறைக்கப்பட்டதாலேயே நாட்பட்டதாகிறது.

எனவே, மருத்துவர்கள் வெறும் ஓய்வுச் சீட்டை எழுதுவதோடு நில்லாமல், மாற்றுப் பணிச் சீட்டை எழுத வேண்டும் என்று நாங்கள் கருதுகிறோம். இவர் எதைச் செய்யக்கூடாது என்பதோடு எதைச் செய்யலாம் என்பதும் அதில் இடம்பெற வேண்டும்: எவ்வளவு எடை தூக்கலாம், எத்தனை நிமிடத்திற்கொரு முறை நிலை மாற வேண்டும், எத்தனை வாரங்களுக்கு. அதனை மதிப்பது மேலாளர்களின் கடமை. திறன் பெற்ற ஒருவரை மூன்று வாரம் வேறு இடத்தில் அமர்த்துவது, அவரை இழப்பதைவிட ஆலைக்கும் நல்லது.

மாற்றுப் பணி கிட்டாதபோது, இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் தங்கள் உரிமையை அறிந்திருக்க வேண்டும். உரிய சந்தாக் காலத்தில் 78 நாள்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்காலப் பயனாகக் கிடைக்கும். பணியின்போது நேர்ந்த காயம் என ஏற்கப்பட்டால் அது 90 விழுக்காடு. ஆகவே, பாரம் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டால் அன்றே விபத்துப் பதிவேட்டில் பதியச் செய்யுங்கள்.

இறுதியாக, குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். "எழுந்திருக்காதே, படுத்தே இரு" என்பது அன்பின் சொல்தான். ஆயினும் அது உதவாது. காலையிலும் மாலையிலும் அவரோடு சிறிது தூரம் நடந்து செல்லுங்கள். இயன்முறை மருத்துவர் கற்பித்த பயிற்சிகளை நினைவூட்டுங்கள். வலியுள்ளவர் பெண்ணாயின், ஷிப்ட் முடிந்து திரும்பும் அவருக்காகத் தண்ணீர்க் குடமும் துணிமூட்டையும் காத்திராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நடக்க இயலாத முதியோருக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இல்லத்திலேயே இயன்முறைச் சிகிச்சை கிடைக்கிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அடுத்த முறை எங்களிடம் வரும்போது, எங்கே வலிக்கிறது என்பதோடு, என்ன வேலை செய்கிறீர்கள், எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள், எவ்வளவு தூக்குகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்தால், கேட்கும்படி எங்களை வற்புறுத்துங்கள்.