எது தூய்மையான நாவல்?

நாவல் என்றதுமே முகம் சுளிக்கும் பெற்றோர் நம்மிடையே இன்றும் உளர். தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்றான ‘அசன்பே சரித்திரம்’ (1885), ‘முஸ்லிம் நேசன்’ ஆசிரியர் கண்டி சித்தி லெவ்வை எழுதியது. குழந்தையாய்க் கடத்தப்பட்டவனின் பிறப்பு மர்மமே அதன் கதை. 1938இல் ‘காதலா? கடமையா?’ எழுதிய நாகூர் சித்தி ஜுனைதா பேகமும் நம் சமுதாயப் பெண்மணியே.

ஆயினும், ஆபாசம் இல்லாவிட்டால் நூல் தூய்மையானது என்ற அளவுகோலில் நமக்கு உடன்பாடில்லை. நாயகியை அதட்டி, சந்தேகித்து, அழவைப்பவனை இறுதியில் உத்தமக் கணவனாக்கும் குடும்பக் காதல் கதைகள் ஏராளம். அவற்றில் விரல்கூடப் படுவதில்லை. ஆகவே பெண்மக்களிடம் கவலையின்றித் தருகிறோம். அகதா கிறிஸ்டியின் நூல்களையோ கொலைக் கதையென்று ஒதுக்குகிறோம். அங்கே மிஸ் மார்ப்பிள் எனும் மூதாட்டி, வீண்பழி சுமந்தவரைப் பொறுமையாக ஆராய்ந்து மீட்கிறார். (ஊர்வம்பில் அவருக்கு ஆர்வமுண்டு என்பது வேறு!) மாயாஜாலக் கதைகளில், கற்பனை என்பதைப் பிள்ளை உணர்ந்திருந்தால் நமக்கு அச்சமில்லை, ஆயிரத்தொரு இரவுகளின் முழுப்பதிப்பை மட்டும் பெரியவர்களுக்கென வைத்துக்கொள்ளலாம்.

மகள் விரும்பும் நாவலை நாமும் படிப்போம். அந்த நாயகன் நம் வீட்டு மாப்பிள்ளையாக வரலாமா என்று அவளிடமே கேட்போம்.