சாலைக்குக் கரை வேண்டும்

மதுரைக்காஞ்சி பாடிய புலவர் மதுரை மாநகரின் அகன்ற தெருக்களை ஆற்றிற்கு ஒப்பிட்டார். அவ்வுவமை இன்றும் பொருந்தும். ஆனால் ஆற்றிற்குக் கரை உண்டு. நம் சாலைகளுக்கோ கரை இல்லை. கரையற்ற வெள்ளத்தினிடையே நடப்பார் படும் பாட்டை அறிய விரும்புவோர், பூந்தமல்லியினின்று ஆவடி செல்லும் சாலையில் சென்னீர்குப்பத்தைச் சென்று காண்பாராக. லாரியும் பேருந்தும் விரையும் அவ்வழியின் ஓரத்தே பள்ளிச் சிறாரும் தொழிலாளரும் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு நடக்கின்றனர்.

இப்பகுதிக்கு நற்காலம் பிறந்ததெனப் பலர் கூறுவர். கலங்கரை விளக்கத்தினின்று பூந்தமல்லி புறவழிச்சாலை வரை ஏறக்குறைய 26 கிலோமீட்டர் நீளத்திற்கு மெட்ரோ இரயில் பாதை வகுக்கப்பெற்று, 2025 மார்ச்சுத் திங்களில் பூந்தமல்லியில் சோதனை ஓட்டமும் நிகழ்ந்தது. யாமும் மகிழ்கின்றோம். ஆயினும், வீட்டிற்கும் நிலையத்திற்கும் இடைப்பட்ட வழிக்குப் பொறுப்பாளர் யாவர்? அவ்வழி அஞ்சத்தக்கதாயின், பொருளுடையார் தமக்கென வண்டி வாங்குவர். இல்லாதார் இடர்ப்பட்டே நடப்பர். வண்டி பெருகப் பெருக, வழி மேலும் இடுங்கும்.

திட்டங்கள் இல்லாமல் இல்லை. போக்குவரத்துச் செலவில் அறுபது விழுக்காடேனும் நடப்போர்க்கும் மிதிவண்டியார்க்கும் ஆதல் வேண்டும் என்னும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-இல் மேற்கொண்டது. சென்னீர்குப்பமோ அம்மாநகராட்சியின் எல்லைக்கு வெளியே, திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. நடப்பவன் கால் எல்லைக்கல்லை அறியுமோ? பேருந்து, இரயில், சாலை ஆகியவற்றை ஒருங்கிணைக்கும் போக்குவரத்துக் குழுமத்திற்கென 2010-இல் இயற்றப்பெற்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 2019-இலேதான். இத்தகைய காலத்தாழ்வை நடப்போரே தம் உடலால் ஈடுசெய்கின்றனர்.

"சாலையை அகலப்படுத்தினால் அமையாதோ?" என்பார் உளர். அகன்ற சாலையில் வண்டிகள் மேலும் விரையும். கடப்பார்க்குத் தொலைவும் மிகும். அகலம் மட்டும் காவலாகாது. "நடைபாதைக்கு நிலம் ஏது?" என்பாரும் உளர். இன்று ஒதுக்குதற்கு எளிதாயுள்ள நான்கடி நிலத்திற்கு, கட்டடங்கள் எழுந்தபின் வழக்குமன்றம் ஏறவேண்டிவரும். சென்னைத் தெருக்களில் 1895-இல் ஓடத் தொடங்கிய டிராம் வண்டி 1953-இல் நிறுத்தப்பெற்றது. மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியது 2015-இல். இழந்தது ஒன்றற்கு ஈடு காண ஒரு நகரம் எத்துணைக் காலம் காத்திருக்க நேர்கின்றது!

ஆதலின், நெடுங்காலத் திட்டம் வகுப்போர் நடப்பவன் காலடியினின்று தொடங்குக என்பதே எம் கருத்து. 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் பெருந்திட்டம் 2026-ஐ எல்லையாகக் கொண்டது. அதனை அடுத்து வரும் திட்டத்தில் புறநகர்ச் சாலை ஒவ்வொன்றிற்கும் நடைபாதையும், கடக்குமிடமும், விளக்கும், நிலையத்தோடு இணைக்கும் சிறு பேருந்தும் முதற்கண் இடம்பெறுதல் வேண்டும். மேம்பாலங்கள் பின்னர் வருக. சென்னீர்குப்பத்துச் சிறுமி ஒருத்தி துணையின்றிச் சாலையைக் கடக்கும் நாளே அத்திட்டம் நிறைவேறிய நாளாகும்.