முன்வரிசை நாற்காலி

பிள்ளையின் ராக் இசைக்குழு மேடையேறும்போது முன்வரிசையில் பெருமிதத்தோடு உட்காரும் பெற்றோரைப் பாசம் கண்ணை மறைத்தவர்கள் என்று ஒதுக்குவது சரியல்ல. மும்பைத் தமிழர்களுக்கு அந்தப் பெருமிதம் பழகியதுதான். 1952இல் சண்முகானந்தா சபாவைத் தொடங்கிய சமூகம் இது, மகளின் அரங்கேற்றத்துக்குக் குடும்பமே பட்டுடுத்திப் போகும். அதே மரியாதை கிடாருக்கு ஏன் இல்லை? அரங்கேற்றத்துக்குப் பின்னால் குருவும் பல வருடப் பயிற்சியும் உண்டு என்பார்கள். உண்மைதான். ஆனால், 1976இல் ஜனதா காலனி இடிக்கப்பட்டு மக்கள் குடியமர்த்தப்பட்ட டிராம்பே சீட்டா கேம்ப் போன்ற நெருக்கடியான இடத்தில், நான்கு பிள்ளைகள் ஒத்திகைக்கு ஓர் அறை தேடி, ஒருவர் தாளத்துக்கு மற்றவர் காதுகொடுத்து வாசிக்கப் பழகுவதும் கடும் பயிற்சியே. சோறு போடுமா என்ற கேள்வி நியாயமானது. அதை அரங்கேற்றத்தைப் பார்த்து யாரும் கேட்பதில்லையே! தாராவியின் ராப் குழுவான டோபடெலிக்ஸைப் பலர் திரும்பிப் பார்த்தது 2018இல் ‘காலா’ படத்தில் அவர்கள் குரல் ஒலித்த பிறகுதான். சினிமா சான்றிதழ் தரும்வரை ஊர் காத்திருக்கலாம். பெற்றவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.