கிளினிக் கொப்பியில் பெயரில்லாத தாய்மார்

முல்லைத்தீவு மாவட்டத்தின் கரையோரக் கிராமம் ஒன்றில் அண்மையில் சந்தித்த அந்தப் பெண்ணுக்கு ஏழாவது மாதம். ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு வருடங்களுக்கு மேல் வேலை செய்தவர். சத்தியும் தலைச்சுற்றும் தாங்காமல் மூன்றாம் மாதத்திலேயே விலகல் கடிதம் கொடுத்துவிட்டுத் தாய்வீட்டுக்கு வந்துவிட்டார். கிளினிக்கில் பதிந்தது ஐந்தாம் மாதத்தில்.

"கூப்பன் கிடைக்கும் எண்டு பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும். போய்க் கேட்டா, பிந்திப் பதிஞ்சபடியா அடுத்த பட்டியலிலதான் பேர் வருமாம்" என்றார்.

அவர் சொன்ன கூப்பன் கர்ப்பிணித் தாய்மாருக்கான போசாக்குக் கொடுப்பனவு. 2015 ஆம் ஆண்டு இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்கு 20,000 ரூபாய் என்று அது அறிவிக்கப்பட்டது. பின்னர் தொகை கூட்டப்பட்டது. ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அன்று ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அதே வருடம் சோளத் தட்டுப்பாட்டால் திரிபோஷ உற்பத்தியும் தடைப்பட்டது.

காசாகத் தந்தால் நல்லது என்று சில தாய்மார் சொல்கிறார்கள். நுண்கடன் கிழமைக் கட்டுப்பணம் வாங்க ஆள் வந்து வாசலில் நிற்கும் ஊர்களில், பருப்பும் பயறும் நெத்தலியுமாகக் கிடைப்பதுதான் தாயின் வயிற்றுக்குப் போகும் என்றே எனக்குப் படுகிறது.

தொகையை விடப் பெரிய சிக்கல் கதவில் இருக்கிறது. இந்த உதவி குடும்பநல உத்தியோகத்தரின் பதிவில் தொடங்கி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைக் கடந்து, பிரதேச செயலகம் ஊடாக வருகிறது. முதல் பதிவு பிந்தினால் எல்லாமே பிந்தும். ஒரே முகவரியில் இருக்கும் பெண்ணை மனதில் வைத்து அமைத்த வழி இது. வேலைக்காக ஓரிடம், பிள்ளைப்பேற்றுக்காக இன்னோரிடம் என்று அலையும் வன்னிப் பெண்கள் இரண்டு பிரிவுகளுக்கு நடுவில் விழுந்துவிடுகிறார்கள். திருமணம் பதியாதவர்கள், கணவர் விட்டுப்போனவர்கள் 'என்ன கேட்பினமோ' என்ற கூச்சத்திலேயே மாதங்களைக் கழிக்கிறார்கள். கர்ப்பிணியைப் பதிய விவாகச் சான்றிதழ் நிபந்தனை அல்ல என்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

கிளினிக் மீதான பயத்துக்கும் காரணம் உண்டு. 2013 ஓகஸ்டில் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில், பிள்ளைகளின் போசாக்குப் பரிசோதனைக்கென அழைக்கப்பட்ட தாய்மாருக்குக் கட்டாயத்தின் பேரில் கருத்தடை மருந்து கையில் பொருத்தப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அந்தக் கதை இன்னும் திண்ணைகளில் பேசப்படுகிறது. 'பெண்கள் பிந்தி வருகிறார்கள்' என்று குறைசொல்லும் அதிகாரிகள் இதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

2023 இல் சமுர்த்தியின் இடத்துக்கு வந்த அஸ்வெசும வீட்டைத்தான் அலகாகக் கொள்கிறது. தாய்வீட்டுக்குத் திரும்பிய கர்ப்பிணி அந்த வீட்டுக் கணக்கில் இன்னொரு வாய், அவ்வளவுதான்.

ஆனால் நான் சந்தித்த பெண்ணின் மிகப் பெரிய இழப்பு கூப்பன் அல்ல. விலகல் கடிதம். தொழிற்சாலைத் தொழிலாளருக்கான மகப்பேற்று நன்மைகள் சட்டத்தின் கீழ், அறிவித்தல் கொடுப்பதற்கு முந்திய ஒரு வருடத்தில் 150 நாட்களாவது வேலை செய்தவருக்குக் கொடுப்பனவுடன் கூடிய மகப்பேற்று விடுமுறை உண்டு. 2018 திருத்தத்துக்குப் பிறகு மூன்றாவது பிள்ளைக்கும் அது 84 நாட்கள்தான். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது. அவர் மருத்துவச் சான்றிதழுடன் லீவு கேட்டிருக்கலாம். "எழுதித் தாங்கோ எண்டு சொன்னவை, எழுதிக் குடுத்தனான்" என்கிறார். கடிதத்தின் பிரதி அவரிடம் இல்லை.

இதே நிலையில் இருக்கும் சகோதரிகளுக்கு: கர்ப்பம் என்று தெரிந்ததும், எந்த ஊரில் நிற்கிறீர்களோ அந்த ஊர்க் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதியுங்கள். இடம் மாறினால் கொப்பியைக் கையோடு கொண்டுபோய்ப் புதிய இடத்தில் காட்டுங்கள். கூப்பன் வராவிட்டால் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்டு, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வேலைத்தளத்தில் விலகச் சொன்னால் கையெழுத்திடும் முன் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். வீட்டில் அடி, மிரட்டல் என்றால் 1938 மகளிர் உதவி இலக்கம் இருக்கிறது.

கூலிவேலைக்கும் கருவாடு காயப்போடவும் போகும் பெண்களுக்கு இந்த 84 நாள் கூட இல்லை. அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்பதே கடதாசியில் கிடையாது. மகப்பேற்றுக் கொடுப்பனவை முதலாளியிடம் மட்டும் விட்டுவைத்திருக்கும்வரை வடக்கின் கணிசமான பெண்கள் அதற்கு வெளியில்தான் நிற்பார்கள். அரசு பங்களிக்கும் பொது நிதி ஒன்று வேண்டும் என்ற கோரிக்கையை நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் எப்போதாவது சபையில் உரக்கக் கேட்கலாம்.

அந்தப் பெண் தொழில் அலுவலகத்துக்குப் போக யோசிக்கிறார். கடிதம் கொடுத்து நாலு மாதம் ஆகிவிட்டது. போய்வர இரண்டு பஸ் மாற வேண்டும்.